நூற்றெண்பது கிடா

பெரியகல் தோட்டம், கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
1953 மார்ச் 8

அன்புத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்கா சண்முகவடிவு எழுதுவது. நீயும் சீதாவும் கொழும்பில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் ஒரு மாதமாக உனக்குக் கடிதம் இல்லை.

போன மாதம் பத்தாம் தேதி தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் உன் மச்சானின் வலது கை மாட்டிக்கொண்டது. பெருவிரல் தப்பியது. மற்ற நாலும் போய்விட்டன. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். புண் ஆறி வருகிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. கூப்பிட்டால் "ம்" என்கிறார். இருபது வருஷமாக வாய் ஓயாமல் பேசி என் உயிரை வாங்கினவர். விரல் போனதைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆபீஸுக்கு என்னைக் கூப்பிட்டு கிளாக்கர் ஐயா சொன்னார்: "சோலமலைக்கு நட்டஈடு அறுநூத்து முப்பது ரூவா. கைநாட்டு வச்சா காசு கையில. வருசம் ஒண்ணு தாண்டிச்சுன்னா கோர்ட்டு, புரக்டர், வக்கீல்னு அலையணும், பாத்துக்கோ." கைநாட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாதாம். நாலு விரலுக்கு இவ்வளவு என்று யார் கணக்குப் போட்டது தம்பி? கேட்டால், "சட்டத்துல இருக்கு" என்கிறார். அந்தச் சட்டப் புத்தகத்துக்கு எழுத்துக் கோக்கிறவன் நீதானே. பார்த்து எழுது.

மகள் நாகலெட்சுமி கொழுந்து பறிக்கப் போகிறாள். இப்போது வீட்டில் இரண்டு பேர் சம்பளம்தான், அவளுடையதும் என்னுடையதும். மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் பதிலுக்காகத் தபால்காரன் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா.


கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
1953 மார்ச் 14

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி முத்துலிங்கம் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சீதா அழுதாள். நானும்தான். மச்சானின் அந்தக் கையால் எத்தனை நாள் சோறு பிசைந்து எனக்கு உருண்டை கொடுத்திருக்கிறார். நேரே வந்து பார்க்க முடியவில்லை, இந்த மாதம் இங்கே வேலை தலைக்கு மேல்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அட்டவணையை எடுத்தேன். தொழிலாளர் சட்டக் கைப்புத்தகம் ஒன்று வருஷா வருஷம் போடுகிறோம். மற்றப் பக்கங்களைப் புதிதாகக் கோப்போம். நட்டஈட்டு அட்டவணையை மட்டும் யாரும் கோப்பதில்லை. 1935-ல் எங்கள் பெரிய கம்பாசிட்டர் ஆண்டியப்பன் அண்ணன் கோத்து, நூலால் கட்டி வைத்த ஈய எழுத்துகள் அலமாரியில் அப்படியே இருக்கும். எடுத்துத் தூசி தட்டி, மை தடவி, அடித்துவிட்டுத் திரும்ப வைப்போம். இலக்கம் மாறினால்தானே நூலை அவிழ்க்க வேண்டும்? ஐந்தின் வால் தேய்ந்தே போய்விட்டது. எட்டு வருஷமாக அந்தக் கட்டைத் தூக்கி வைக்கிறேன், ஒரு நாளும் அதில் என்ன இருக்கிறது என்று வாசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

இந்தத் தடவை வாசித்தேன். கிளாக்கர் சொன்ன தொகை அட்டவணைப்படி சரி. ஒரு பக்கம் சம்பளம், எதிர்ப்பக்கம் தொகை. சம்பளம் ஏற ஏறத் தொகையும் படிப்படியாக ஏறுகிறது. ஆனால் ஒரு படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே தொகைதான். மச்சானின் சம்பளம் அந்தக் கடைசிப் படியை எப்போதோ தாண்டிவிட்டது. அரிசி அளக்கும்போது கொத்துக்கு மேல் கோபுரமாக நிற்பதைக் கையால் வழித்துவிடுவார்களே, அப்படி வழித்துவிடுகிறது. இந்த வரம்பைப் போட்டது 1935-ல். அப்புறம் யுத்தம் வந்து போயிற்று, வெள்ளைக்காரன் கப்பலேறினான், அட்டவணை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இன்னொரு செய்தி. ஒரு தொழிற்சங்கத்து ஆள் நோட்டீஸ் அடிக்கக் கொண்டுவந்தார். விலைவாசிக்கு ஏற்ப இந்த வரம்பை உயர்த்தலாமா என்று ஒரு கமிட்டி யோசிக்கிறதாம். யாரும் சாட்சியம் அனுப்பலாம் என்று போட்டிருக்கிறது. ஆகவே மச்சான் கைநாட்டு வைக்க வேண்டாம். வருஷம் முடியப் பதினொரு மாதம் இருக்கிறது. புது அட்டவணை வரட்டும்.

என் மண்டையைக் குடைகிற கேள்வி ஒன்று உண்டு. 1935-ல் அறுநூற்று முப்பது ரூபா என்றால் என்ன? அதைக் கொண்டு என்ன வாங்கலாம்? அப்போது அரிசி, தேங்காய், வேட்டி என்ன விலை? லயத்து வீடுகளில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

மச்சானுக்கு என் வணக்கம். புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
முத்துலிங்கம்.


பெரியகல் தோட்டம்
1953 மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். மழை இன்னும் பிடிக்கவில்லை, கொழுந்து குறைவு.

நீ கேட்டாலும் கேட்டாய், நம் லயத்தில் ஒரு வாரமாக ஒரே சண்டை. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா, "அப்ப அரிசி கொத்து ஆறு சதந்தான்டி" என்கிறாள். அவள் மாமியார், "யாரு சொன்னா? பத்து சதம். ஆறு சதத்துக்கு ஒங்கப்பன் வித்தானா?" என்று பாய்கிறாள். சேலை விலை கேட்டால் ஒருத்தி கல்யாணத்தைச் சொல்கிறாள், ஒருத்தி பிரசவத்தைச் சொல்கிறாள். கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால், "பெரிய மண்சரிவு வந்துச்சே, அதுக்கு முந்தின வருசம்" என்று பதில் வருகிறது. மண்சரிவு எந்த வருஷம்? அது சாமிக்குத்தான் வெளிச்சம். அந்தக் காலத்தில் சாமானைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. விலை யாருக்குத் தெரியும்?

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். கைநாட்டைப் பற்றி நீ எழுதினதையும் வாசித்தேன். பேச்சியம்மாவும் மாமியாரும் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே, "கிறுக்குச் சிறுக்கிகளா, முனியாண்டி நோட்டுல பாருங்க" என்றார். ஒன்றரை மாதத்தில் அவர் பேசின முதல் முழு வசனம் அது. நான் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வருஷா வருஷம் முனியாண்டி பூசைக்கு ஒரு கிடா வாங்குவோமே. வரி பிரித்த கணக்கும் செலவுக் கணக்கும் எழுதுகிற நீட்டு நோட்டு ஒன்று உண்டு. பொருளாளர் கந்தப்பன் அண்ணன் வீட்டில் தகரப் பெட்டியில் இருக்கிறது. 1934-ல் இருந்து ஒரு வருஷம் விடாமல் கிடா விலை அதில் இருக்குமாம். அது உனக்கு உதவுமா?

சீதாவுக்கு என் அன்பைச் சொல். வயிற்று வலி நின்றதா?

அக்கா.


கொழும்பு 13
1953 ஏப்ரல் 5

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். சீதாவுக்கு வலி இல்லை.

உதவுமாவா? அரசாங்கத்து ஆட்கள் வாழ்க்கைச் செலவுப் புள்ளி என்று ஒன்று கணக்குப் போடுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் சாமானின் தரம் மாறிவிடுவதால் அவர்களுக்குள்ளேயே தகராறு. முனியாண்டி கேட்கிற சாமான் மாறவே மாறாது, விலைதான் மாறும். இதைவிட நல்ல அளவுகோல் கொழும்பிலே யாரிடமும் இல்லை.

ஆனால் சந்தேகம் வராமல் இருக்கக் கேட்கிறேன். எல்லா வருஷமும் ஒரே மாதிரிக் கிடாதானா? நிறம் என்ன? வயது எப்படிப் பார்ப்பீர்கள்? எங்கே வாங்குவது, யார் வாங்குவது? மச்சானிடமே கேளுங்கள், அவர்தானே கிடா பிடிக்கப் போகிறவர். 1935-ல் இருந்து எல்லா வருஷத்து விலையும் வேண்டும், ஒன்றும் விடக் கூடாது.

ஆவலோடு,
முத்துலிங்கம்.


பெரியகல் தோட்டம்
1953 மே 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

உன் கேள்விகளை வாசித்ததும் உன் மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "கெடா எப்புடிப் பாக்குறதுன்னா கேக்குறான்? கொழும்புக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டானா?" என்று எழுந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முழுக் கறுப்பு, ஒரு வெள்ளை மயிர் இருந்தாலும் தள்ளு. கொம்பு ஒடிந்திருக்கக் கூடாது. இரண்டு பல் போட்டிருக்க வேண்டும், நாலு பல் கூடாது. தண்ணீர் தெளித்தால் உடம்பைச் சிலிர்க்க வேண்டும், சிலிர்க்காவிட்டால் சாமிக்குச் சம்மதமில்லை. வாங்குவது எப்போதும் மேல் கணக்கு டிவிசன் ஆட்டுக்காரர்களிடம். பிடித்து வருவது உன் மச்சான், காசு கொடுப்பது கந்தப்பன் அண்ணன்.

கந்தப்பன் அண்ணன் நோட்டைத் தர ஆயிரம் சாக்குச் சொன்னார். பெட்டிச் சாவி காணோம், நோட்டைக் கரையான் அரித்துவிட்டது என்றெல்லாம். உன் மச்சானே கையில் கட்டோடு அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். நோட்டு வந்தது, கரையானைக் காணோம். நாகலெட்சுமி பார்த்து எழுதினாள். தனித்தாளில் வைத்திருக்கிறேன். முப்பத்தைந்தில் மூன்று ரூபா ஐம்பது சதம். முப்பத்தொன்பதில் நாலு ரூபா. நாற்பத்திரண்டில் ஒன்பது, மறு வருஷம் பதின்மூன்று. நாற்பத்தேழில் பத்தொன்பது. போன வருஷம் இருபத்தைந்து.

நாகலெட்சுமி கூட்டிப் பெருக்கி ஒன்று கண்டுபிடித்தாள் பார். அறுநூற்று முப்பது ரூபாவுக்கு முப்பத்தைந்தில் நூற்றெண்பது கிடா வாங்கலாம். போன வருஷ விலைக்கு இருபத்தைந்து கிடா, கையில் ஐந்து ரூபா மிச்சம். இதைக் கேட்டதும் உன் மச்சான், "நாலு வெரலுக்கு நூத்தெம்பது கெடாவா! அட பாவி, அப்பவே கைய விட்டுருக்கலாமே, ஆட்டுப் பண்ணையே வச்சிருப்பேன்" என்று சிரித்தார். சிரித்தார் தம்பி. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

குளிர் கூடியிருக்கிறது. அவருக்கு ஒரு புதுக் கம்பளி வாங்கியிருக்கிறோம்.

உன் அக்கா.


கொழும்பு 13
1953 ஜூன் 21

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மச்சான் சிரித்ததைப் படித்து சீதா முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

கிடா விலையைச் சாட்சியமாக எழுதித் தொழிற்சங்கம் மூலமாகக் கமிட்டிக்குக் கொடுத்தோம். முதலில் நகைத்தார்களாம். பிறகு ஒருவர் மட்டும் தாளைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்திருக்கிறார். அவர் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார். 1949-ல் இருபது ரூபா. 1951-ல் இருபத்து மூன்று. நடுவில் 1950-ல் மாத்திரம் எப்படி முப்பத்து நாலு? ஆட்டுக்கு நோய் வந்ததா? பஞ்சமா? காரணம் தெரியாவிட்டால் முழுத் தாளும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்கிறார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. மச்சானைக் கேட்டு எழுதுங்கள்.

முத்துலிங்கம்.


பெரியகல் தோட்டம்
1953 ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

நீ கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு குடும்பத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய். நாங்கள் சுகம், கந்தப்பன் அண்ணன்தான் சுகமில்லை.

உன் கேள்வியை உன் மச்சானிடம் வாசித்தேன். "ஐம்பதுலயா? அந்தக் கெடாவ நாந்தானே புடிச்சுட்டு வந்தேன். இருவத்தி ரெண்டு ரூவா. முப்பத்தி நாலு எவன் சொன்னான்?" என்றார். நேரே மேல் கணக்குக்கு நடந்து போய் விற்றவனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவனும் இருபத்திரண்டு என்று சூடத்தில் அடித்துச் சொன்னான். பன்னிரண்டு ரூபா எங்கே போயிற்று? அந்த வருஷம்தான் கந்தப்பன் அண்ணன் மகளுக்குக் காது குத்தினார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

கோயிலடியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கந்தப்பன் அண்ணன், "மூணு வருசமா ஒரு பய கேக்கல. கொழும்புல எவனோ தொரை கேக்குறான்னு இப்ப என்னைய நிறுத்தி வச்சுக் கேக்குறீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இந்த வருஷக் கிடா அவர் செலவு என்று தீர்ப்பு. இன்றைய விலை இருபத்தேழு. நோட்டை அவரிடமிருந்து வாங்கி உன் மச்சானிடம் கொடுத்துவிட்டார்கள். எழுதத் தெரியாதவர் பொருளாளர்! நாகலெட்சுமி எழுத வேண்டும், அவர் காவல் இருக்க வேண்டும். இப்போது தினமும் சாயந்திரம் அந்த நோட்டைப் புரட்டச் சொல்லி, "அந்த வருசம் எண்ணெய் என்ன வெல? சூடம் என்ன வெல?" என்று அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்.

ஆகையால் கமிட்டி ஐயாவிடம் 1950-க்கு இருபத்திரண்டு என்று திருத்தச் சொல். ஆட்டுக்கு நோய் இல்லை, மனுஷனுக்குத்தான் நோய்.

அக்கா.


கொழும்பு 13
1953 ஆகஸ்ட் 23

பாசமுள்ள அக்காவுக்கு,

திருத்தி அனுப்பினோம். கமிட்டி ஐயா, "இப்படித் தானே முன்வந்து திருத்துகிற சாட்சியத்தை நான் கண்டதில்லை" என்றாராம்.

இங்கே நிலைமை சரியில்லை. அரிசி கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து ஒரே நாளில் எழுபது ஆனது உங்களுக்கும் தெரியும். கடையடைப்பு, ஊரடங்கு எல்லாம் நடந்து இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. நானும் சீதாவும் பத்திரம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள். இந்த விலையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மச்சான் கைநாட்டு வைக்கவில்லைதானே? மூன்று கடிதத்தில் கேட்க நினைத்து மறந்துவிட்டேன். பத்து ரூபா மணியோடர் அனுப்பியிருக்கிறேன்.

முத்துலிங்கம்.


பெரியகல் தோட்டம்
1953 செப்டம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

மணியோடர் வந்தது. உனக்கே ஆயிரம் செலவு, இனி அனுப்பாதே. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை.

மழை விடாமல் பெய்கிறது. கூரைத் தகரத்தில் இரண்டு ஓட்டையை உன் மச்சான் இடது கையாலேயே தார் வைத்து அடைத்தார். பூசை நன்றாக நடந்தது. கிடா தண்ணீர் பட்டதும் சிலிர்த்தது. கந்தப்பன் அண்ணனுக்கும் ஒரு பங்கு கறி கொடுத்தோம், தின்றார்.

உன் அட்டவணை எப்போது வரும் என்று உன் மச்சான் நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறார். வேறு விசேஷம் இல்லை.

அக்கா.


கொழும்பு 13
1954 ஜனவரி 17

பாசமுள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தைப்பொங்கல் வாழ்த்துகள். சீதா பாயசத்தில் முந்திரிகை போட்டாள். நான் அதை ருசிக்கக்கூட இல்லை, அவ்வளவு அவசரம்.

அட்டவணை வந்துவிட்டது! திருத்தச் சட்டத்தைத் தமிழில் போடும் வேலை எங்கள் அச்சகத்துக்கே கிடைத்தது. மொழிபெயர்ப்பு முடிய முடியப் பக்கம் பக்கமாக வருகிறது. முதலில் வந்ததே இலக்கங்கள்தான். பத்தொன்பது வருஷத்துக் கட்டை மேசையில் வைத்தேன். ஆண்டியப்பன் அண்ணன் இப்போது கண் சரியில்லாமல் வீட்டில் இருக்கிறார், ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். "நான் போட்ட முடிச்சு, நீயே அவிழ்டா" என்றார். நூல் கையில் எடுத்ததும் பொடிந்துவிட்டது. பழைய ஐந்துகளையெல்லாம் உருக்குச் சட்டியில் போட்டேன்.

மச்சானுடைய நாலு விரலுக்குப் புது அட்டவணைப்படி எவ்வளவு தெரியுமா? ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு! மூன்று மடங்கு. கிடாவில் சொன்னால் எழுபது. நூற்றெண்பது வரவில்லைதான், அதை யாரிடம் கேட்பது என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரம்பை ஒரு தடவை ஏற்றினால் போதுமா? விலையோடு சேர்ந்து தானாகவே ஏறும்படி ஒரு வசனம் எழுத மாட்டார்களா?

இதெல்லாம் பிறகு. பெப்ரவரி பத்தாம் தேதி வருஷம் முடிகிறது. பயந்து கடைசி நாளில் பழைய தொகைக்குக் கைநாட்டு வைத்துவிடாதீர்கள். என்னை நம்புங்கள்.

முத்துலிங்கம்.


கொழும்பு 13
1954 பெப்ரவரி 28

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பத்தாம் தேதி கழிந்து ஆறு நாளைக்குப் பிறகு கடைசிப் பக்கத்தின் மொழிபெயர்ப்பு வந்தது. அச்சுக் கோக்கிறவன் வாசிப்பதில்லை அக்கா, எழுத்து எழுத்தாக எடுத்து, தலைகீழாக அடுக்குகிறான். கடைசிச் சொல்லை வைத்த பிறகுதான் வசனத்தின் அர்த்தம் எனக்கு ஏறியது. இதுதான் அது: "உயர்த்தப்பட்ட இத்தொகைகள், இச்சட்டம் நடைமுறைக்கு வரும் தேதிக்குப் பின்னர் நிகழும் விபத்துகளுக்கு மாத்திரமே பொருந்தும்."

மச்சானுக்கு ஒன்றும் இல்லை. புதுத் தொகை இல்லை. என் பேச்சைக் கேட்டதால் பழைய தொகைக்கும் தவணை தாண்டிவிட்டது. கையில் வந்த அறுநூற்று முப்பதை நான்தான் தட்டிவிட்டேன். ஆழம் தெரியாமல் நான் காலை விட்டேன், மூழ்கினது நீங்கள். கிடா என்றும் கணக்கு என்றும் எனக்கு ஒரு வருஷம் விளையாட்டாகப் போயிற்று. என் மூளைக்குத் தீனி தேடி உங்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இங்கே ஒரு புரக்டரைப் பார்த்தேன். பழைய தொகைக்கு வழக்குப் போடலாம் என்கிறார், செலவு என்னுடையது. சீதாவின் வளையலை எடுத்து வைத்திருக்கிறேன். மச்சான் என்னைத் திட்டட்டும். நீங்களும் திட்டுங்கள். ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

முத்துலிங்கம்.


பெரியகல் தோட்டம்
1954 மார்ச் 5

என் அன்புத் தம்பிக்கு,

முதலில் சீதாவின் வளையலை அவள் கையில் போடு. கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன், இரவுச் சோறுகூட இன்னும் ஆக்கவில்லை.

உன் மச்சான் போன வருஷம் மார்ச் பத்தொன்பதாம் தேதியே கைநாட்டு வைத்துவிட்டார். உன் முதல் கடிதம் வந்து இரண்டாம் நாள். "வேண்டாம்" என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டிவிட்டு, நான்தான் அவரை எழுப்பி ஆபீஸுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஒரு மாதமாக அவர் சம்பளம் இல்லை, எங்கள் இரண்டு பேர் சம்பளம் போதவில்லை. கடைக்காரன் இனிக் கடன் இல்லை என்றுவிட்டான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும், உன் சட்டம் எந்த மூலைக்கு? கம்பளி வாங்கினதும் அந்தக் காசில்தான், அரிசி எழுபது சதம் விற்றபோது நாங்கள் தின்றதும் அந்தக் காசில்தான். நீ எங்களை மூழ்கடிக்கவில்லை. உன் பேச்சை நான் கேட்கவே இல்லை.

ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்பாய். முதலில் வெட்கம். நீ அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று. கைநாட்டு வைத்துவிட்டு வந்து மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிறகு உன் விலைக் கேள்வியால் வாசலில் சண்டை வந்து, அவர் வாய் திறந்தார். அப்போது நினைத்தேன், காசு வாங்கியாயிற்று என்று எழுதினால் நீ கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவாய். நீ கேள்வி கேட்டால்தான் அவர் எழுந்து உட்காருகிறார். கிடாவின் பல்லைப் பற்றிக் கேட்டாய், உட்கார்ந்தார். 1950-ஐப் பற்றிக் கேட்டாய், மேல் கணக்கு வரை நடந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து கையை ஆற்றியது, மனுஷனை ஆற்றவில்லை. அதற்காகத்தான் உன்னை ஒரு வருஷம் ஏமாற்றினேன். நீ கைநாட்டைப் பற்றி நேராகக் கேட்டபோது பொய் எழுத மனம் வரவில்லை, அதனால் கூரை ஓட்டையைப் பற்றி எழுதினேன். நீ என்னைத் திட்டு.

உன் மச்சானுக்கு அந்தக் கடைசி வசனத்தை வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப இது நமக்கில்ல. இனிமே மாட்டுறவனுக்கு" என்றார். கந்தப்பன் அண்ணன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "என் மானம் போனது எவனுக்கோ எழுபது கெடா குடுக்கவா" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். நூலை அவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டாம், வருஷா வருஷம் கிடா விலை எழுதி அனுப்புகிறேன், தேவைப்படும் என்று உன் மச்சான் சொல்லச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன திங்கட்கிழமை நாகலெட்சுமிக்கு ஸ்டோரில் பேர் விழுந்தது. சல்லடை மிஷினில் வேலை, பெல்ட்டு ஓடுகிற இடம். கொழுந்தைவிட நிச்சயமான சம்பளம், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. உன் மச்சான்தான் கூட்டிக்கொண்டு போய், எங்கே நிற்க வேண்டும், எங்கே கை நீட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு வந்தார். நீ கோத்த புது அட்டவணை அவளுக்குத்தான் தம்பி.

ஐந்து நாளாகச் சாயந்திரம் சங்கு ஊதியதும் உன் மச்சான் வாசலுக்குப் போய்விடுகிறார். அவள் படி ஏறினதும் அவளுடைய இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, மிச்சம் இருக்கிற பெருவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். பத்து என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி குடிக்கிறார்.

நீயும் சீதாவும் சுகமாக இருக்க முனியாண்டி காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
சண்முகவடிவு.